மல்லாந்து நடக்கும் புழு

மார்ச் 3, திங்கள்

இன்றைக்கும் மூன்று தக்காளிக் கன்று போச்சு. தரையோடு தரையாக, யாரோ கத்தரிக்கோல் வைத்து நறுக்கின மாதிரி. தலை கீழே கிடக்கிறது, வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. இதோடு பதினொன்று. லேபுக்கு அரை நாள் லீவு போட்டு, நாற்றுப் பண்ணையில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாங்கி வந்த கன்றுகள். யார் வீட்டுச் சொத்தென்று நினைத்துத் தின்கிறதோ அந்தச் சனியன்.

களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு தோட்டம் பூரா கிளறினேன். பாத்தியில் ஒன்றும் அகப்படவில்லை. மூலையில் அக்காவின் குப்பைக்குழி. அதில் ஒரு கொத்துதான் போட்டேன் — கொத்தாக வந்து விழுந்தது. வெள்ளை வெள்ளையாக, கட்டைவிரல் தடிமன், அரைவட்டமாகச் சுருண்டு, பழுப்புத் தலை, முன்னால் ஆறு கால். பின்பக்கத் தோலுக்குள் தின்ற மண் கறுப்பாகத் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷமாக ஊரார் மலத்தைப் பரிசோதனை செய்கிறவள் நான். நானே இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டேன்.

ஆறு புழுவை எடுத்து ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

இன்னும் ஒரு கன்று. பன்னிரண்டு.

மார்ச் 6, வியாழன்

லேபில் வாய் வலிக்கக் கத்திவிட்டு வந்திருக்கிறேன். எங்கள் டெக்னீஷியன், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவன், இரண்டு ரத்த டியூபுக்கு லேபிளை மாற்றி ஒட்டிவிட்டான். சர்க்கரையே இல்லாத ஒரு அம்மாவுக்கு எக்கச்சக்கச் சர்க்கரை என்று ரிப்போர்ட் போய்விட்டது. அந்த அம்மா நான்கு நாளாக அழுதுகொண்டு பட்டினி கிடந்திருக்கிறாள். பெரிய டாக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? "சத்தம் போடாம வேற ரிப்போர்ட் அனுப்பிடுங்க, விடுங்க."

விடுவேனா? "அதெல்லாம் நடக்காது சார்," என்றேன். மேலே சிவப்பில் 'திருத்திய அறிக்கை' என்று இருக்கணும். பழையது என்ன, புதியது என்ன, தப்பு எங்கே நடந்தது, எல்லாம் எழுதணும். தப்பு செய்தவன் கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கே போய், கையில் கொடுத்து, தப்பு எங்களுடையது என்று வாயால் சொல்லணும். நெட்டை என்னைவிட மூன்று வயது மூத்தவன், இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தவன். முகம் செத்துப்போச்சு. போகட்டும். தப்பு பண்ணும்போது தெரியலையா?

மார்ச் 7, வெள்ளி

நெட்டை போய்விட்டு வந்தான். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல மேடம். திட்டினா தேவலைன்னு நின்னுக்கிட்டிருந்தேன். உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டுவந்து குடுத்தாங்க. வெயில்ல வந்திருக்கீங்கன்னு."

நல்லது. இனிமேல் லேபிளைப் பார்த்து ஒட்டுவான்.

மார்ச் 9, ஞாயிறு

அக்காவிடம் புழுவைப் பற்றிப் பேசினேன். பேசினேன் என்றால் நான் மட்டும்தான் பேசினேன். அவள் இந்த வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. மாமா தவறிப்போன பிறகு தனியாக இருக்கிறாளே என்று நான்தான், "பின் ரூம் சும்மாத்தானே கிடக்கு, வா" என்றேன். இரண்டு டிரங்குப் பெட்டியும் தையல் மெஷினும் கொண்டுவந்தாள். ஒரு பொருளை இடம் மாற்றி வைத்ததில்லை, ஒரு சீரியலுக்குச் சண்டை போட்டதில்லை. செய்த ஒரே காரியம் அந்தக் குப்பைக்குழி. மூலையில் கிடந்த உடைந்த செங்கல்லை அடுக்கி, மூன்றடிக்கு மூன்றடி. காய்கறித் தோல், முட்டை ஓடு, காய்ந்த இலை எல்லாம் அதற்குள்தான். முட்டை ஓட்டை அம்மிக்கல்லில் வைத்துப் பொடித்துப் போடுவாள். முழுசாகப் போட்டால் மக்காதாம்.

"உன் குழியில இருந்துதான் எல்லாம் வருது," என்றேன்.

அவள் குந்தி உட்கார்ந்து ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்தாள். அருவருப்பே கிடையாது அவளுக்கு. பிறகு அதைத் தரையில் விட்டுவிட்டுச் சிரிக்கிறாள். "இங்க பாருடி டாக்டரம்மா, இது மல்லாந்து நடக்குது. காலு ஆறும் வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கு, முதுகாலேயே போகுது!"

என் கன்று பன்னிரண்டு போயிருக்கிறது, இவளுக்கு வேடிக்கை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எடுத்துக் குடு இங்க" என்று வாங்கிப் பாட்டிலில் போட்டேன்.

"பாவம்டி," என்றாள்.

நான் பாவமில்லையா?

மார்ச் 10, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் லேப் மைக்ராஸ்கோப்பில் புழுவை வைத்துப் பார்த்தேன். வால்பக்கத்து மயிர் வரிசை, தாடை, கால் நகம் எல்லாம். இணையத்தில் இருந்த படத்தோடு ஒப்பிட்டேன். வேர்ப்புழு. வேரைத் தின்று பயிரைச் சாகடிக்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை. நோயாளி சொல்கிற கதையை நம்பாதே, ஸ்லைடை நம்பு — இதுதான் என் தொழில்.

லேப் காகிதத்திலேயே அச்சடித்தேன். மாதிரி: தோட்டப் புழு. எடுத்த இடம்: குப்பைக்குழி. முடிவு: வேர்ப்புழு, பயிர்க்கொல்லி. கீழே கையெழுத்து. வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். அக்கா தண்ணீர் எடுக்க வரும்போதெல்லாம் கண்ணில் படட்டும்.

மார்ச் 12, புதன்

என் பாத்தியில் தோண்டினதில் நான்கு கூட்டுப்புழு. பேரீச்சங்கொட்டை நிறம், வழவழவென்று பளபளப்பு, தொட்டால் வால் நுனியை ஆட்டுகிறது. ஆக, குழியில் தின்று கொழுத்துவிட்டு, கூடு கட்டுவதற்கு என் பாத்திக்கு வந்திருக்கிறது! சத்திரம் என்று நினைத்துவிட்டதா?

ஸ்பிரிட் தீர்ந்துபோச்சு. நான்கையும் லேபில் சிறுநீர் பிடிக்கிற டப்பாவில் கொஞ்சம் மண்ணோடு போட்டு மூடியில் ஓட்டை போட்டு வைத்தேன். நாளைக்கு ஸ்பிரிட் வாங்கணும்.

எதற்கும் இருக்கட்டும் என்று விவசாயக் கல்லூரிப் பூச்சித் துறைக்குப் போன் போட்டேன். எடுத்த மனுஷன், நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. "வெள்ளைப் புழு சரிங்க. அது எப்படி நடக்குது?"

"நடக்கிறதா? அது ஸ்பிரிட்ல இருக்கு. மைக்ராஸ்கோப்புல பார்த்தாச்சு."

"செத்ததை வச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. உயிரோட ஒண்ணைத் தரையில விட்டுப் பார்த்துட்டுக் கூப்பிடுங்க." வைத்துவிட்டான்.

திமிரைப் பாரு. என்னிடம் வந்து சேரும் எதுவும் உயிரோடு வருவதில்லை. அதை வைத்துத்தான் இந்த ஊருக்கே நான் வியாதி சொல்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

மருந்தடிக்கிறவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

அவள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்ததை இன்னொரு தடவை வாசித்தாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா குழியை மட்டும் விட்டுடேன்டி. இந்த வீட்டுல நான்னு பண்ணினது அது ஒண்ணுதான்."

"உனக்கு என்ன, கன்று என்னோடது!"

"புழுவை வேணா நானே பொறுக்கிப் போட்டுடறேன். மருந்து வேணாம்."

அப்புறம் நான் சொன்னதை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் இந்த நோட்டு எதற்கு? "இது என் வீடு. இங்க எது இருக்கணும், எது இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லுவேன்" என்றேன்.

அவள் "சரி" என்றாள். அவ்வளவுதான். போய் அடுப்பில் இருந்ததை இறக்கினாள். இவளுக்குக் கோபமே வராதா? ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னால் என்ன? எதிராளி வாயே திறக்காவிட்டால் கோபப்பட்டவள் மட்டும் பைத்தியக்காரி மாதிரி நிற்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 15, சனி

மருந்து அடித்தாயிற்று. குழி பூரா நனைய ஊற்றினார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து நெளிந்து செத்தன. எண்ணினேன், எழுபதுக்கு மேல். மண்ணால் உருட்டின மாதிரி, பெரிய கோலிக்குண்டு அளவில் உருண்டைகளும் கிடந்தன. உள்ளே ஏதோ இருந்தது. எல்லாவற்றையும் வாரிக் குப்பைவண்டியில் போட்டேன்.

அக்கா பின் அறையை விட்டு வெளியே வரவில்லை. மெஷின் ஓடுகிற சத்தமும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

போய்விட்டாள்.

காலையில் எழுந்தபோது இரண்டு பெட்டியும் வாசலில் இருந்தன. மெஷினை அப்புறம் ஆள் வந்து எடுத்துக்கொள்வானாம். "நான் தைச்சுக் குடுக்குற தையல் கடைக்காரம்மா மாடி ரூமை எடுத்துக்கன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டு இருக்காங்க. வேலைக்கும் கிட்ட," என்றாள். சிரித்த முகமாகத்தான் சொன்னாள். அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. நான் போ என்று சொன்னேனா? குப்பையை எடு என்றுதான் சொன்னேன்! ஊரில் கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள், தங்கைக்காரி துரத்திவிட்டாள் என்றுதானே?

இப்படி ஒரு அழுத்தக்காரி. போகட்டும். எனக்கென்ன வந்தது.

சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சரியாக அந்த ரிப்போர்ட்டுக்கு மேலே.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு கன்று. அதே மாதிரி நறுக்கி.

குழியில் ஒரு புழு இல்லை. எறும்புகூட இல்லை. அப்புறம் எது? மருந்தடிக்கிறவரைக் கூப்பிட்டு, தண்ணீரை அடித்துவிட்டுப் போனீர்களா என்று கேட்டேன்.

"மேடம், நீங்க கை காட்டின இடத்துலதான் அடிச்சேன். அங்க செத்துச்சா இல்லையா?"

செத்தது.

மார்ச் 20, வியாழன்

விடிந்ததும் இன்னொரு கன்று விழுந்திருந்தது. இன்றைக்கு விடுவதில்லை என்று அந்தத் தண்டைச் சுற்றி விரலாலேயே கிளறினேன். இரண்டு விரல் ஆழத்தில் — சாம்பல் நிறப் புழு. எண்ணெய் தடவின மாதிரித் தோல். தொட்டதும் சுருண்டுகொண்டது. வெள்ளைப் புழுவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அடுத்த அறுந்த தண்டுக்கு அடியிலும் அதே சாம்பல்.

கையைக்கூடக் கழுவாமல் உள்ளே ஓடினேன். கோபத்தில்தான். வேறு எதற்கு?

பூச்சித் துறைக்காரருக்கு மறுபடியும் போன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவு பணிவு.

"அது வெட்டுப்புழும்மா. பகல்ல மண்ணுக்குள்ள கிடக்கும், இருட்டினா மேல வந்து தண்டை அறுக்கும். வேர்ப்புழுன்னா செடி வாடித்தான் சாகும், அறுபடாது. தண்டு அறுந்து கிடந்துச்சுன்னு நீங்க அன்னைக்கே சொல்லலையே?"

கூட்டுப்புழுவைப் பற்றிக் கேட்டேன். வண்டின் கூட்டுப்புழு வெளுப்பாக இருக்கும், கால், இறகெல்லாம் தனித்தனியாகத் தெரியும். வழவழப்பாகப் பழுப்பாக இருந்தால் அது அந்துப்பூச்சி, அதாவது இதே வெட்டுப்புழு என்றார். "கன்று எங்க வாங்கினீங்க? அந்த மண்ணுலயே வந்திருக்கும்."

எங்கே வாங்கினேனா? அரை நாள் லீவு போட்டு வாங்கினேன்.

"அப்போ அந்த வெள்ளைப் புழு?"

"அதான் கேட்டேனே. எப்படி நடந்துச்சு?"

மார்ச் 22, சனி

அக்கா ஒரு தொட்டியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பின் அறை ஜன்னலில். குழியிலிருந்து எடுத்த மண்ணில் ஏதோ பூச்செடி, பெயர் தெரியாது. ஒரு வாரமாகத் தண்ணீர் இல்லாமல் தலை தொங்கி நின்றது. யாரும் ஊற்றவில்லையே என்று எரிச்சலாக வந்தது. யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில், என்னைத் தவிர?

தண்ணீர் ஊற்றும்போது மண் இளகி ஒரு வெள்ளை முதுகு தெரிந்தது. மருந்து படாத ஒன்று. எடுத்து அடுக்களைத் தரையில் விட்டேன்.

அது கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்தது. பிறகு நிமிர்ந்தது. புரண்டது. ஆறு காலையும் மேலே நீட்டிக்கொண்டு, முதுகை நெளித்து நெளித்து, விறுவிறுவென்று சுவரோரமாகப் போய்விட்டது. பிடித்துக் கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் புரண்டு முதுகால் போனது. மூன்று தடவை. மூன்று தடவையும்.

போன் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். "பூவுல மொய்க்குமே பச்சை வண்டு, அதோட குட்டிங்க. மல்லாந்து நடக்குறது அது ஒண்ணுதான் அடையாளம், வேற எதையும் பார்க்கவே வேணாம். மக்கினதைத்தான் தின்னும், உயிரோட இருக்குற வேரைத் தொடாது. உங்களுக்கு எருப் போட்டுக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கு. குழியைக் கலைச்சிடாதீங்க."

நோட்டைப் புரட்டினேன். ஒன்பதாம் தேதி. என் கையெழுத்தில், என் மையில் இருக்கிறது. இங்க பாருடி டாக்டரம்மா, இது மல்லாந்து நடக்குது.

சொன்னாளே. பதிமூன்று நாளைக்கு முன்னால், மைக்ராஸ்கோப் இல்லாமல், குந்தி உட்கார்ந்து பார்த்தே சொன்னாளே! நான் எழுதி வைத்திருக்கிறேன், கேட்கவில்லை. உயிரோடு கையில் இருந்ததைப் பிடுங்கி ஸ்பிரிட்டில் போட்டுவிட்டு, அப்புறம் அது என்ன என்று பார்த்திருக்கிறேன். முட்டாள். முட்டாள். படித்த முட்டாள்.

மார்ச் 23, ஞாயிறு

சிறுநீர் டப்பாவை மறந்தே போயிருந்தேன். உள்ளே இரண்டு அந்துப்பூச்சிகள், புழுதி நிறம், மூடியில் முட்டிக்கொண்டு.

தொட்டி மண்ணைப் பக்குவமாகக் கிளறினேன். அந்த மண் உருண்டைகளில் இரண்டு இருந்தன. வண்டுக் கூடாகத்தான் இருக்கும். அன்றைக்கு எத்தனை வாரிப் போட்டேன் என்று எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும். இரண்டையும் இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

மார்ச் 24, திங்கள்

நெட்டையிடம் கேட்டேன், திருத்திய அறிக்கைக்கு அந்தச் சிவப்பு எழுத்து எந்தக் கோப்பில் இருக்கிறது என்று. "யாரோடது மேடம்?" என்றான். நானே அச்சடித்துக்கொண்டேன்.

பழைய முடிவு: வேர்ப்புழு, பயிர்க்கொல்லி. திருத்திய முடிவு: பூவண்டின் புழு, தீங்கில்லாதது, மண்ணுக்கு நல்லது. பயிரை அழித்தது: வெட்டுப்புழு. வந்த வழி: பரிசோதித்தவர் வாங்கி வந்த நாற்று. தவறு நடந்த இடம் என்ற கட்டத்தில் வெகுநேரம் ஒன்றும் எழுத வரவில்லை. கடைசியில் எழுதினேன்: 'மாதிரியை உயிரோடு பார்த்தவர் சொன்னதை, பரிசோதித்தவர் கேட்கவில்லை. இது என் வீடு என்று சொன்னதும் தவறு.' கையெழுத்து.

சாயங்காலம் தையல் கடை மாடிக்குப் போனேன். ஒரு கட்டில், மெஷின், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர். மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது. நெட்டையை அன்றைக்கு எவ்வளவு சுளுவாக அனுப்பினேன்! நான் இரண்டாவது படியிலிருந்து ஒரு தடவை திரும்பி இறங்கிவிட்டுத்தான் ஏறினேன்.

கையில் கொடுத்தேன். தப்பு என்னுடையது என்று வாயாலும் சொன்னேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாக வாசித்தாள். நான்காக மடித்து மெஷின் டிராயரில், நூல்கண்டுகளோடு வைத்தாள்.

"எத்தனைடி செத்துச்சு?"

"எழுபதுக்கு மேல."

திட்டுவாள் என்று நின்றேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். படியேறி வந்திருக்கே, குடி என்றாள்.

குடித்தேன். "வீட்டுக்கு வந்துடு" என்றேன். "இங்க வேலைக்குக் கிட்டடி" என்றாள். மறுபடியும் அந்தச் சிரித்த முகம்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் கோபம். அவள் மேல் இல்லை.

மார்ச் 29, சனி

குழியிலிருந்த நச்சு மண்ணை முழுக்க அள்ளி மாற்றினேன். இடுப்பு விட்டுப்போச்சு. செங்கல்லை அவள் அடுக்கின மாதிரி அடுக்க வரவில்லை, சாய்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

தொட்டியில் ஒரு உருண்டை உடைந்திருந்தது. மேலே பச்சை வண்டு. வெயில் பட்டால் செம்பு மாதிரி மின்னுகிறது. அக்காவுக்குப் போன் செய்து, "வந்து பாரு" என்றேன். தையல் இருக்கு என்றாள். மத்தியானம் வந்தாள்.

வாசல் மணியை அடித்தாள். பத்து மாதம் இதே வீட்டில் இருந்தவள், கதவுக்கு வெளியே நின்று மணி அடித்துவிட்டு, நான் திறக்கிறவரை செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. சாவி ஃபிரிட்ஜ் மேல்தான் இருந்தது. பார்த்தாள், எடுக்கவில்லை.

வண்டு பறந்து போகிறவரை பார்த்துக்கொண்டு இருந்தாள். "அழகா இருக்கு" என்றாள். விருந்தாளி மாதிரி டீ குடித்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வந்தாள். மணி அடித்தாள். டீ. போனாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

துணி மடித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் பக்கம் களைக்கொத்தி சத்தம். மணி அடிக்கவில்லையே, யார் என்று ஓடினேன்.

பின் கேட்டைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கையில் நான் போட்ட முட்டை ஓடு, முழுசாக.

"என்னடி இது? அறிவிருக்கா உனக்கு? பொடிச்சுப் போடுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! முழுசாப் போட்டா எந்தக் காலத்துல மக்கும்? இது என்ன, பிளாஸ்டிக்கா? தோலோட ஸ்டிக்கரையும் சேர்த்துப் போட்டிருக்கே! யாரு அடுக்கினா இந்தச் செங்கல்லை, குருடனா? காத்து போறதுக்கு இடமே இல்ல, உள்ள எல்லாம் வெந்துபோய்க் கிடக்கு. எழுபதைக் கொன்னது பத்தாதா உனக்கு? எழுபதுடி! படிச்சவளாம், டாக்டரம்மாவாம்! நான் அன்னைக்குச் சொன்னேனா இல்லையா? காது எங்க வச்சிருந்தே?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. நான்கு செங்கல்லைப் பிடுங்கிப் போட்டாள். என்னை நோக்கி விரலை நீட்டி, "என் வீடாம், என் வீடு" என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் அடுக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம் இருக்கும். முகம் சிவந்து, மூச்சு வாங்கி.

நான் வாயைத் திறக்கவில்லை. செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன்.